ஒரு வரி விட்டு ஒரு வரி

இப்போதெல்லாம் நான் காலை வகுப்புக்குப் பேனா எடுத்துப் போவதில்லை. கைப்பையில் வீட்டுச் சாவி, கண்ணாடி, தண்ணீர் பாட்டில், இருமல் மிட்டாய் எல்லாம் இருக்கும். பேனா மட்டும் ஸ்டாஃப் ரூம் மேசை இழுப்பறையில் கிடக்கும். வருகைப் பதிவு போடவேண்டுமென்றால் முன் பெஞ்சில் இருக்கும் பிள்ளையிடம் இரவல் வாங்கிப் போட்டுவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன். எழுத்து சொல்லிக் கொடுக்கிற டீச்சருக்குச் சொந்தமாக ஒரு பேனா கூட இல்லை என்று பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகட்டும்.

பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் நான் தற்காலிக ஆங்கில ஆசிரியை. எந்தப் பாடம் எடுத்துப் படிக்க வந்தாலும் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுவதற்கென்று ஒரு தாள் உண்டு. அதில் தட்டுத் தடுமாறுகிறவர்களுக்குக் காலை முதல் பீரியடுக்கு முன்னால் ஒரு மணி நேரம் தனி வகுப்பு. நிரந்தர வேலையில் இருக்கிறவர்கள் யாரும் அத்தனை சீக்கிரம் எழுந்து வருவதாக இல்லை. அது என் தலையில் விழுந்தது. எங்கள் ஊர் வாளையார் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, நெல்லும் தென்னையுமாக இருக்கிற ஊர். முதல் பஸ்ஸைப் பிடித்து, லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்வேன். "ஏம்புள்ள, கோழி எந்திரிக்கறதுக்கு முன்னாலயே கெளம்பற, உனக்குத் தனியா மெடல் குத்தப் போறாங்களா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கு வயலும் தண்ணீர் முறையும் தவிர மற்றதெல்லாம் வேடிக்கை. எனக்கோ அந்த வேலையை விட்டால் வேறு வேலை கிடையாது. அதுவும் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிதாக இண்டர்வியூ வைத்துத்தான் எடுப்பார்கள்.

வகுப்பில் இருபது இருபத்தைந்து பேர் இருப்பார்கள். ஆனைகட்டிப் பக்கத்திலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறவர்கள், எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர்களின் பிள்ளைகள், மூணாறு எஸ்டேட்டிலிருந்து வந்தவர்கள். பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவர்கள். கணக்கு கேட்டால் போடுவார்கள், கேள்வி கேட்டால் தமிழில் பொரிந்து தள்ளுவார்கள், ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுது என்றால் மட்டும் தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நானும் அப்படி உட்கார்ந்து வந்தவள்தான். அதனால் அவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். பொறுமைதான் கிடையாது.

அப்போது என் முறை இதுதான். ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதச் சொல்வேன். இடையில் விட்ட வரியில் நான் திருத்தி எழுதிக் கொடுப்பேன். சிவப்பு மை பிள்ளைகளைப் பயமுறுத்தும் என்று ஏதோ ஒரு பயிற்சி முகாமில் சொன்னார்கள். ஆகவே பச்சை மை. திருத்தியதைப் பார்த்து அவர்கள் வெள்ளைத் தாளில் நல்ல பிரதி எழுதித் துறையில் கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு சொல், இரண்டு சொல் என்றுதான் திருத்துவேன். ஆனால் அடுத்த பீரியடுக்கு மணி அடிக்கப் போகிறது, இன்னும் பத்துத் தாள் பாக்கி என்றால் யார் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாக விளக்குவது? முழு வரியையும் அடித்துவிட்டு மேலே நானே ஒன்று எழுதிவிடுவேன். அது சுலபம். எனக்கு நன்றாகவும் வரும். கடைசியில் தாளில் பிள்ளை எழுதியதெல்லாம் கோடு கிழிக்கப்பட்டுக் கிடக்கும், என் பச்சை வரிகள் மட்டும் முழுசாக நிற்கும். அதைப் பார்த்து எனக்குப் பெருமையாக வேறு இருந்தது.

ஒரு வருடம் அந்த வகுப்பில் இருந்த ஒரு பெண், மூணாறு மாட்டுப்பட்டி அணை தாண்டி உள்ளே இருக்கிற ஒரு எஸ்டேட்டிலிருந்து வந்தவள். ஒல்லியாக இருப்பாள். பாலக்காட்டு வெயில் ஒத்துக்கொள்ளாமல் முகமெல்லாம் வேர்க்குரு. மற்றவர்கள் தூங்கி வழிகிற அந்த நேரத்தில் எண்ணெய் தேய்த்துத் தலை வாரி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பாள். அவள் கையெழுத்தை முதன்முதலில் பார்த்தபோது அச்சடித்த தாளோ என்று திருப்பிப் பார்த்தேன். அப்படி ஒரு கையெழுத்து.

"ஏங்கண்ணு, இவ்வளவு அழகா எழுத எங்க பழகுன?" என்று கேட்டேன்.

"எங்க லயத்துல மனு எல்லாம் நான்தான் மிஸ் பாத்து எழுதுவேன்" என்றாள்.

லயம் என்றால் எஸ்டேட்டில் வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டியிருக்கும் வீடுகள். அவள் சொன்ன கதை எனக்குப் புதிது. அவர்கள் லயத்தில் முதல் வீட்டுக்கார அக்கா ஒருத்தருக்குத்தான் ஆங்கிலமும் மலையாளமும் எழுத வரும். லீவு வேண்டுமா, கூரை ஒழுகுகிறதா, ஆஸ்பத்திரிக்குச் சீட்டு வேண்டுமா, எல்லா வீட்டுக்கும் அந்த அக்காதான் எழுதித் தருவார். முன்பு ஒரு தடவை பத்து வீட்டு மனுவும் ஒரே கையெழுத்தில் போகவும், எல்லாம் ஒரே ஆள் கிளப்பிவிட்டது என்று எஸ்டேட் ஆபீசில் மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். அன்றிலிருந்து ஒரு வழக்கம். அக்கா எழுதித் தருவதை அந்தந்த வீட்டுப் பிள்ளை தன் கையால் பார்த்து எழுதும், அப்பாவோ அம்மாவோ கீழே கையெழுத்துப் போடுவார்கள். அப்படி எழுதிவிட்டால் அது அந்த வீட்டு மனு. பிள்ளையில்லாத வீடுகளுக்கும் இவளே எழுதுவாள், கையெழுத்தைக் கொஞ்சம் சாய்த்து, கொஞ்சம் நிமிர்த்தி.

"அக்கா எழுதுனது அக்காவோடது. நாங்க எழுதுனா அது எங்களோடது மிஸ்" என்றாள்.

நான் சிரித்தேன். நல்ல கெட்டிக்காரக் கூட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அவள் சொன்னதைக் காதில் வாங்கினேனே தவிர மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

அந்தப் பருவத்தின் பெரிய கட்டுரைக்குத் தலைப்பு, 'என் வீடு'. இந்தக் கட்டுரைக்கு உள்மதிப்பெண் கிடைக்காவிட்டால் அந்தத் தாளே தேறாது. அவள் ரஃப் நோட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி எழுதிக்கொண்டு வந்தாள். உடைந்த ஆங்கிலம். அதைத் தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

எங்கள் வீடு எங்கள் வீடு இல்லை. கம்பெனி வீடு. அம்மா கொழுந்து எடுப்பதால் வீடு. அம்மாவுக்கு அடுத்த வருடம் வேலை முடிகிறது. நான் எஸ்டேட்டில் வேலைக்குப் பெயர் கொடுத்தால் வீடு இருக்கும். நான் படித்தால் வீடு போகும். அம்மா சொன்னார், முதல் பரீட்சையில் எல்லாம் பாஸ் ஆனால் நீ படி, வீடு போகட்டும், எங்காவது இருந்துகொள்வோம். ஒன்று போனாலும் வந்து பெயர் கொடு. அதனால் நான் இந்த வகுப்புக்கு வருகிறேன்.

படித்தேன். ஒரு எழுத்து விடாமல் படித்தேன். படிக்காமல் அடித்திருந்தால்கூட இன்றைக்கு மனதைத் தேற்றிக்கொள்ள ஒரு வழி இருந்திருக்கும். இந்தப் பெண் எப்படியாவது பாஸாக வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த கையோடு பச்சைப் பேனாவை எடுத்து அந்த ஒன்பது வரிகளையும் அடித்தேன். கட்டுரையில் வீட்டுக் கவலையை எல்லாம் எழுதக்கூடாது கண்ணு, வர்ணனைக்குத்தான் மார்க் போடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே இடைவரிகளில் எழுதத் தொடங்கினேன். மலைகளின் மடியில் என் வீடு. காலையில் பனிமூட்டம் விலகும்போது பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் சரிவுகள். அணைக்கட்டில் படகுச் சவாரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள். முன் பக்கத்து இடைவரிகள் போதாமல் பின் பக்கத்திலும் எழுதினேன். மற்றப் பிள்ளைகளுக்கு எழுதியதைவிட அவளுக்கு அதிகமாக, அதிக அக்கறையோடு எழுதினேன்.

அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்க வீட்டுல இருந்து அணைக்கட்டு தெரியாது மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? மார்க் போடறவங்க வந்து பாக்கப் போறாங்களா?" என்றேன்.

அன்றைக்கு அதே எஸ்டேட் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். மணி அடிக்கப் போகிற அவசரத்தில் அவர்கள் தாளிலும் அதே மலைகளின் மடியைத் தூக்கி வைத்தேன். அதே பனிமூட்டம். சொற்களை அங்கங்கே மாற்றினேன், அவ்வளவுதான்.

அவள் நல்ல பிரதியை எழுதிக் கொடுத்து இரண்டு வாரம் கழித்து, துறைத் தலைவர் என்னையும் அவளையும் கூப்பிட்டு அனுப்பினார். மூன்று தாள்கள் மேசைமேல் இருந்தன. கூடவே முதல் வாரத்தில் எல்லாருக்கும் வைத்த சோதனையில் அவள் எழுதிய தாளும் இருந்தது. அதில் நான்கு வரி. அவர் கெட்ட மனிதர் இல்லை. சத்தம் போடவும் இல்லை. இணையத்திலிருந்து எடுத்தார்களோ என்றுதான் அவருக்குச் சந்தேகம். மூன்றில் அவள் தாள்தான் நீளமானது, நன்றாக இருந்தது, ஆகவே முதலில் அவளைக் கேட்டார்.

"இது நீ எழுதினதா?" மலையாளத்தில்தான் கேட்டார்.

"ஆமா சார், நான்தான் எழுதினேன்" என்றாள், நிமிர்ந்து நின்று. அவளிடம் ஒரு பயமும் இல்லை.

இந்த வாக்கியங்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்டார்.

"மிஸ் எழுதிக் குடுத்தாக. நான் பாத்து எழுதினேன்" என்றாள் அதே குரலில். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் அவளுக்கு எந்த முரணும் தெரியவில்லை. எழுதித் தந்தவர் ஒருவர், தன் கையால் எழுதியது தான், ஆகவே அது தன்னுடையது. அவள் விவரம் தெரிந்த நாளிலிருந்து எல்லா மனுக்களும் அப்படித்தான் எழுதப்பட்டு, அப்படித்தான் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தன.

அவர் என் பக்கம் திரும்பினார். டீச்சர் எழுதிக் கொடுத்ததா என்று கேட்டார்.

ஜூன் மாத இண்டர்வியூவில் நடு நாற்காலியில் உட்காருகிறவர் அவர்தான். அது என் மனதில் ஓடியது. ஓடவில்லை என்று சொன்னால் இன்னொரு பொய் ஆகும். "நான் தப்பு மட்டும்தான் திருத்திக் கொடுத்தேன் சார்" என்றேன்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. எனக்கு ஞாபகம் இல்லை என்றே நினைத்துவிட்டாள். எனக்கு உதவி செய்ய வந்தாள்.

"பச்சை மையில எழுதுனீங்களே மிஸ், பின் பக்கத்துல கூட. நோட்டு ஹாஸ்டல்லதான் இருக்கு. ஓடிப்போயி எடுத்துட்டு வாரேன்" என்று கதவுப் பக்கம் திரும்பியும் விட்டாள்.

ஹாஸ்டல் மைதானத்தைத் தாண்டி ஐந்து நிமிட நடை. அவள் ஓடினால் இரண்டு நிமிடம்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

இதைச் சொன்னது துறைத் தலைவர் இல்லை, நான். இந்த வருடங்களில் அவர் சொன்னதாக மாற்றி நினைக்க எத்தனையோ தடவை முயன்றிருக்கிறேன். முடியவில்லை. என் குரல் எனக்குத் தெரியாதா? அதிலும் அது கொஞ்சம் அதட்டலாகவே வந்தது. அவள் நின்றுவிட்டாள். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு, துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் முறைப்படி நடந்தது. கட்டுரையைத் தள்ளுபடி செய்தார். ஆனாலும் ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அங்கேயே ஒரு நாற்காலி போட்டு, வெள்ளைத் தாள் கொடுத்து, அதே தலைப்பில் எழுதச் சொன்னார். அரை மணி நேரம். நான் என் மேசைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து அவள் முதுகு தெரிந்தது. அவளுக்குத்தான் அந்தத் தலைப்பில் எழுத ஒன்பது வரிகள் தெரியுமே, சொந்தமாகத் தெரியுமே. அவற்றை எழுதினாலே போதும், துறைத் தலைவர் கண்கலங்கி மார்க் போட்டிருப்பார். ஆனால் அதையெல்லாம் கட்டுரையில் எழுதக்கூடாது என்று சொல்லிக் கொடுத்தவள் நான். பனிமூட்டத்துக்கும் பச்சைக் கம்பளத்துக்கும் அவளிடம் ஆங்கிலம் இல்லை. மூன்று வரி எழுதி, அதிலும் ஒன்றை அடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த ஆங்கிலத் தாள் தேறவில்லை. மற்ற எல்லாவற்றிலும் பாஸ். ஒன்று போனாலும் வந்து பெயர் கொடு என்று அம்மா சொன்னது எனக்குத் தெரியும். நானே படித்து நானே அடித்த வரி அது. ரிசல்ட் வந்த பிறகு துறைத் தலைவர் அறைக்கு முன்னால் இரண்டு தடவை போய் நின்றேன். ஒரு தடவை அவர் போனில் இருந்தார். இன்னொரு தடவை சும்மாதான் இருந்தார். நான் உள்ளே போகவில்லை. மறுபடி எழுதினால் தாளைத் தேற்றிவிடலாம், அடுத்த வருடம் வரை வாய்ப்பு இருக்கிறது என்று அவளுக்கு ஒரு நீள மெசேஜ் எழுதினேன். கம்பெனி அடுத்த வருடம் வரை காத்திருக்காது என்பது எனக்குத் தெரியாததா? அந்த மெசேஜை அனுப்பினேனா, அழித்தேனா என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. அழித்தேன்.

விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை. சில வாரங்கள் கழித்து அவளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது.

'மிஸ், நல்லா இருக்கீங்களா. டிசி வாங்கணும். ஆபீஸ்ல இங்கிலீஷ்ல அப்ளிகேஷன் கேக்காங்க. நீங்க எழுதித் தந்தா நான் பாத்து எழுதிக்கிருவேன்.'

போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு வகுப்பு எடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். குத்தல் ஒன்றும் இல்லை அதில். அவளுக்கு ஒரு மனு தேவை, எழுதத் தெரிந்தவளிடம் கேட்கிறாள். நீயே எழுதும்மா, எனக்கு உன் வரிதான் வேண்டும் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். தப்பும் தவறுமாக எழுதிக்கொண்டு வந்தாலும் ஆபீசில் டிசி கொடுத்திருப்பார்கள். ஆனால் அவளுக்கு இவ்வளவு கெடுதல் செய்தாகிவிட்டது, இதையாவது செய்வோம் என்றுதான் தோன்றியது. குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பைத் தொடர இயலாத நிலையில், என்று தொடங்கி அழகாக எழுதினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. படம் பிடித்து அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் பார்த்தேன், பச்சை மை.

அடுத்த வாரம் அம்மாவும் மகளும் வந்தார்கள். முந்தின நாளே மலையிறங்கி, சொந்தக்காரர் வீட்டில் தங்கி வந்திருந்தார்கள். கல்லூரி ஆபீஸ் வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அந்த அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை ஏறிக் கறுத்திருந்தது.

"மிஸ்தான் எல்லாம் எழுதிக் குடுத்தாகன்னு பிள்ளை சொல்லும். எங்களுக்கு இங்க யாரு இருக்காக? நீங்க நல்லா இருக்கணும்" என்றார். கையில் ஒரு தேயிலைத் தூள் பாக்கெட்டைத் திணித்தார். நான் அதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். துறைத் தலைவர் அறையில் நடந்தது எதையும் அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கவில்லை.

"பேரு குடுத்தாச்சா?" என்று அவளிடம் கேட்டேன்.

"திங்கக்கெழமை மிஸ்" என்றாள். வேர்க்குரு எல்லாம் போய் முகம் தெளிந்திருந்தது.

உள்ளே கிளார்க் அவள் அப்ளிகேஷனை வாங்கினார். பார்க்கப் பார்க்க அழகான கையெழுத்து. ஒரு அடித்தல் இல்லை. அவர் எதற்கும் கண்ணை நிமிர்த்தாத ஆள், அவரே முழுவதும் படித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நல்ல இங்கிலீஷ் எழுதுகிற பிள்ளை ஏன் படிப்பை நிறுத்துகிறது என்று மலையாளத்தில் ஆச்சரியப்பட்டார். பிறகு சிரித்துக்கொண்டே, இது நீயே எழுதியதா என்று கேட்டார்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஆமாம், எழுதிக் கொடுத்தது நான்தான் என்று சொல்ல எனக்கு எந்தத் தடையும் இல்லாத இடம் அது. மார்க் இல்லை, இண்டர்வியூ இல்லை. வாயைத் திறந்தேன் என்றுகூட நினைக்கிறேன். அதற்குள் அவள் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்ற பதற்றம் அந்தப் பார்வையில் இருந்தது.

"ஞான் தன்னெ எழுதியதா சார்" என்றாள், நானேதான் எழுதினேன் என்று அவருக்குப் புரியும்படி மலையாளத்தில். பிறகு, எனக்குக் கேட்கட்டும் என்பதுபோல் தமிழில் சொன்னாள்:

"மிஸ் தப்பு மட்டும்தான் திருத்தினாக."